ஸ்தோத்திரக் கவர்

பிரசங்கம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தச் செக்கைக் கொண்டுவந்தார்கள். செக் என்றால் சட்டைப் பையில் மடித்து வைக்கிற செக் இல்லை. கதவு அகலத்துக்குத் தெர்மோகோல் அட்டை, அதன்மேல் பளபளவென்று அச்சடித்த தாள். நேராகப் பிடித்தால் பாதிரி ஐயர் அங்கி மாட்டுகிற அறையின் வாசலில் நுழையாது என்று இரண்டு பேர் அதை ஒருக்களித்துச் சாய்த்து, அடக்கப் பெட்டியைத் தூக்குகிற பக்குவத்தோடு கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே சாத்தி வைத்தார்கள். பெண்கள் பக்கத்து நாலாவது பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்த வயலெட், யார் வீட்டுக் கல்யாணத் தட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் அதில் அவள் மகளின் பெயர். செல்வி எப்சிபா பொன்சிங், மூன்றாம் ஆண்டு பிசியோதெரபி, ரூபாய் இருபத்தையாயிரம் மட்டும். அந்த ‘மட்டும்’ மற்ற எழுத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருப்பதுபோல அவளுக்குப் பட்டது. அடுத்த ஞாயிறு என்றல்லவா சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் பெல்லா மைனி, பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே, உதட்டை அசைக்காமல் சொன்னாள்: “உனக்குத் தெரியாதாட்டி? செல்வின் அண்ணாச்சி வியாழக்கெழம அமெரிக்காவுக்கு மக வீட்டுக்குப் போறாவளாம். அதான் இண்ணைக்கே குடுத்துருதாவ. நேத்து வீடு வீடாச் சொல்லி விட்டாவளே.” நேற்று வயலெட் வீட்டில் இல்லை. நேற்று அவள் தூத்துக்குடியில் வங்கி வாசலில், கடைசிக் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தாள். வங்கி என்று நினைத்ததும்தான் அது நினைவுக்கு வந்தது. கவர். காலையில் உபதேசியார் கையில் கொடுத்த கவர்.

அதில் என்ன எழுதினோம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு என்றாலும் வயலெட்டின் கையெழுத்து தேங்காய்ப்பூ மாதிரி இருக்கும். அதுவும் ஆண்டவருக்கு எழுதுகிறது என்றால் ஒரு கொம்பு, ஒரு கால் விடமாட்டாள். தயாபுரம் கோயிலில் அது ஒரு வழக்கம். நல்லது எது நடந்தாலும் பழுப்புக் கவரில் பெயரும், காரணமும், தொகையும் எழுதிப் பணத்தை வைத்து, மணி அடிக்கும் முன்னே, ஐயருக்கு அடுத்த ஊழியரான உபதேசியாரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதையெல்லாம் ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுதி, பிரசங்கம் முடிந்ததும் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். மகனுக்குப் பெண் அமைந்ததற்காக இருநூறு. கண் ஆபரேஷன் நல்லபடி நடந்ததற்காக நூறு. நாய் கடித்தும் ஒன்றும் ஆகாததற்காக ஐம்பது. ஜனங்கள் பிரசங்கத்தில் தூங்கினாலும் இதற்குத் தூங்கமாட்டார்கள். யார் வீட்டில் என்ன வந்தது, யார் எவ்வளவு போட்டார் என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். வயலெட் இதுவரைக்கும் எத்தனை கவர் போட்டிருப்பாள். கை தானாகப் போய் எழுதுகிறது. இன்று காலையும் அடுப்பில் இட்லிக் கொப்பரையை வைத்துவிட்டு, காலண்டர் பக்கத்தில் தொங்குகிற பேனாவை எடுத்து எழுதினாள்: வயலெட் பொன்சிங், மகள் எப்சிபாவுக்கு வங்கியில் கல்விக் கடன் கிடைத்ததற்காக, ரூபாய் ஐந்நூறு. எழுதி, ஒட்டி, நெற்றியில் ஒருமுறை வைத்துக்கொண்டு கொடுத்தாள். அறிவு என்று ஒன்று இருந்திருந்தால் அந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ. பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாள். அருமைநாயகம் நினைவுக் கல்வி நிதியின் விண்ணப்பத்தில், நாலாவது பக்கத்தில், கொட்டை எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? ‘எந்த வங்கியிலும் நிறுவனத்திலும் கடனோ வேறு உதவியோ பெறவில்லை, பெறவும் மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்.’ அதன் கீழே அவள் புருஷன் பொன்சிங் கையெழுத்து. அதன் பக்கத்தில் அவளுடைய தேங்காய்ப்பூக் கையெழுத்து.

அருமைநாயகம் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கும்போது எச்சில் கையால் காக்கா விரட்டாத மனுஷன், செத்தபிறகு வருஷா வருஷம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். எல்லாம் மகன் செல்வின் செய்கிற ஏற்பாடு. சிமெண்டுக் கடை, லாரி, ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். பொன்சிங்குக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா மகன். வயலெட்டுக்கு அத்தான் முறை. முறை இருக்கிறதால்தான் இரண்டு வருஷமாக அவர் வீட்டுக் கூடத்தில் அவளை நிற்கவிடாமல் உட்காரச் சொல்கிறார், அதுவும் பிளாஸ்டிக் நாற்காலியில், அந்தப் பக்கம் சோபா காலியாகக் கிடக்க. “கடன் வாங்குத வீட்டுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? எம் பணம் பேங்க்காரனுக்கு வட்டியாப் போகவா? ஒரு கைதான் நீட்டணும் வயலெட்டு. ரெண்டு கையும் நீட்டுதவன் பிச்சைக்காரன்.” சொல்லிவிட்டுப் பல்குச்சியால் பல்லிடுக்கைக் குத்தினார். பல்லில் சிக்கினது ஆட்டிறைச்சி. அந்த வாசனை கூடம் முழுக்க இருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அவளுக்கு மோர் வந்தது, உப்புப் போடாத மோர். அதற்கு முன்னே அவர் வீட்டம்மா வீட்டு வசதியை விசாரிக்க வருகிறாள் என்று கேள்விப்பட்டு, பொன்சிங் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் போர்வையால் மூடி, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, பீரோ மாதிரி ஆக்கி வைத்தார்கள். அந்தம்மா வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து அது ‘கிர்ர்’ என்று தொடங்கியது. வயலெட் குரலை உயர்த்தி ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். வேறு என்ன செய்ய? அது நிற்கிறவரைக்கும் ஜெபித்தாள். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டே ‘ஆமென், ஆமென்’ என்றாள். அன்றைக்கு வயலெட்டுக்கு அந்தம்மாவைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, தன்னைப் பார்த்து அருவருப்பு வந்தது, ஆண்டவரைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

ஐயர் மேலே விதைப்பு, அறுப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் சின்னப் பையன் மாதிரி. பட்டணத்திலிருந்து வந்து ஆறு மாசம். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது செல்வின் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிற முன் வரிசையைப் பார்த்துத்தான் முடிக்கிறார். கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டுமே. அண்ணாச்சியோ கையில் போனை வைத்துக்கொண்டு, வேதம் வாசிக்கிற பாவனையில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். அவர் பிடரியில் இரண்டு மடிப்பு. பவுடர் அந்த மடிப்புக்குள் போகாமல் மேலேயே நிற்கிறது. அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்த வயலெட்டுக்கு வங்கி மேனேஜரின் பிடரி நினைவு வந்தது. அவனுக்கு மடிப்பு கிடையாது, வற்றல். நாலு முறை போனாள். முதல் முறை மேனேஜர் லீவு. இரண்டாம் முறை கணினி லீவு. மூன்றாம் முறை, “பிசியோதெரபின்னா என்னம்மா, கை கால் பிடிச்சு விடுறதா? அதுக்கு நாலரை வருஷமா?” என்று கேட்டுப் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்து மேசைக்காரனும் சிரித்தான். சம்பளம் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் போல. “ஈடு என்ன இருக்கு? வீடு யார் பேர்ல?” ஈடு கேட்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக எப்சி போனில் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னதற்கு, “உங்க மகளையே வந்து மேனேஜரா உட்காரச் சொல்லுங்க” என்றான். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில், மூத்திர வாடைக்கும் முறுக்குக்காரி கூவலுக்கும் நடுவில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் அவள் பொருத்தனை பண்ணினாள். ஆண்டவரே, இது மட்டும் கிடைக்கட்டும், சபையறியச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுகிறேன். சபையறிய. சும்மா காணிக்கை போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாமே. உண்டியலில் போட்டால் ஆண்டவருக்குத் தெரியாதா? எந்த நேரத்தில் எந்தச் சொல் வாயில் வந்து விழுகிறது பார். அந்த ஒரு சொல் போன வியாழக்கிழமை, கடன் கிடைத்தது என்று போனில் செய்தி வந்தபோதும் விரட்டியது, இன்று காலை இட்லி வேகும்போதும் விரட்டியது, கவரை எழுத வைத்துவிட்டது.

கடன் வந்துவிட்டதே, பிறகு இந்த ஆளுடைய இருபத்தையாயிரம் எதற்கு என்று யாராவது கேட்கலாம். கேட்கிறவர்களுக்குப் பிள்ளை படிக்கவில்லை என்று அர்த்தம். கடன் பணம் அவள் கண்ணில்கூடப் படாது. நேரே கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதில் ஒரு பைசா கிடையாது. விடுதிக்கு இருபத்து மூவாயிரத்துச் சொச்சம், புதன்கிழமை கடைசி; அடுத்த ஞாயிறு செக் வரும்வரை பொறுக்கச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார்கள். கட்டாவிட்டால் அறைச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். போன வாரம் ஒரு பிள்ளையின் பெட்டியையும் வாளியையும் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டார்களாம். எப்சி அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் காட்டவில்லை, வாளிக்குள் அந்தப் பிள்ளையின் ஈரத்துணி அப்படியே இருந்தது என்று மட்டும் சொன்னாள். அந்த ஈரத்துணி மூன்று நாளாக வயலெட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரிடம் கேட்கவில்லை? மும்பையில் இருக்கிற அவள் தம்பி, அக்கா அக்கா என்று உருகுகிறவன், “பாக்கலாம்க்கா” என்றான். அன்றிலிருந்து போன் மணி அடித்து அடித்து ஓய்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பினான், அது பத்து நிமிஷம் பிந்தி ஓடுகிறது. மூத்தவன் ஜெபசீலன் இன்ஜினியர். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருத்தருக்குத்தான், அதை அவன் தின்று தீர்த்துவிட்டான். தின்ற படிப்புக்குச் சென்னையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மாசம் இரண்டாயிரம் அனுப்பிவிட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு எதுக்கும்மா என்று புத்தி சொல்வான். அந்தப் புத்திக்கு அவள் செலவு பண்ணியது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில், தூணுக்கு மறைவாக, பொன்சிங். இரும்புக்கடையில் ஆறு நாள் ஆணி நிறுத்துப் போட்டுவிட்டு ஏழாம் நாள் கோயிலில் தூங்குகிற மனுஷன். வாய் சற்றே திறந்திருக்கிறது. மகள் பெயர் கதவு அகலத்துக்கு வந்து நிற்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. எழுப்பித்தான் என்ன? எழுந்தால் “நீ எதுக்கு எழுதின?” என்பார். எழுதாதே என்று எந்நாளும் சொல்லமாட்டார். எழுதினபிறகு எதுக்கு எழுதின என்பார். இருபத்தெட்டு வருஷமாக அவர் பார்க்கிற ஒரே ஆண்பிள்ளை வேலை அது.

எழுந்து போய்விடலாமா. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர்; பெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண். எழுந்தால் கோயிலே திரும்பும். உபதேசியார் தேவநேசன் பீடத்தின் ஓரத்தில், நோட்டை மடியில் வைத்து, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணைக் காட்டலாம் என்றால் அவர் கண்ணாடி பாட்டில் அடி மாதிரி. பத்தடிக்கு அந்தப் பக்கம் மனிதர் யார், தூண் யார் என்று தெரியாது. ஜெபிக்கலாம். எதற்கென்று ஜெபிக்க? அவர் கண்ணாடி கீழே விழுந்து உடையட்டும் என்றா? கரண்டு போகட்டும் என்றா? ஒரு கிழவரின் கண்ணைக் கேட்கிற ஜெபம். ஆண்டவர் காது கொடுத்துக் கேட்டால் வெட்கப்படுவார். ஆனாலும் உதடு அசைந்தது, கரண்டு, கரண்டு என்று. மின்விசிறி இன்னும் வேகமாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. பெல்லா மைனி அவள் கையைத் தொட்டாள். “என்னட்டி, வேக்குது?” வயலெட் சொல்லிவிட்டாள். சொல்லக்கூடாதென்று நினைத்துக்கொண்டே மூன்று சொல்லில் சொல்லிவிட்டாள்: கடன், கவர், எழுதிட்டேன். மைனி விசிறுவதை நிறுத்தினாள். “அட கோட்டிக்காரி. கடனுக்குள்ள ஸ்தோத்திரத்தை எவளாவது இந்தக் கோயில்ல போடுவாளா? எம் மவனுக்குக் கடன் கெடச்சப்ப நான் நாசரேத்துப் பக்கம் எங்க சித்தி ஊர்க் கோயில்ல போய்ப் போட்டேன்லா. பின் பெஞ்சு ரூபியும் அங்கதான் போட்டா. ஆண்டவருக்கு எந்தக் கோயில்லனா என்னட்டி?” சொல்லிவிட்டுத் திரும்பவும் விசிற ஆரம்பித்தாள். அப்படியா சங்கதி. பஸ் ஏறிப் போய், வேற்று ஊர்ச் சபைக்கு முன்னால் நன்றி சொல்லிவிட்டு, பஸ் ஏறித் திரும்பிவந்து, இந்த ஊரில் கையை நீட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் இந்தப் பெஞ்சில் முழங்கால் உரச உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தியும் மூச்சுவிடவில்லை. சரியான கள்ளிகள் என்று நினைத்தாள். எனக்கு ஏன் தோன்றவில்லை என்றும் நினைத்தாள். இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

உபதேசியார் எழுந்தார். நோட்டை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு வாசித்தார். குரல் நல்ல குரல். வெண்கலப் பாத்திரத்தில் தட்டுகிற மாதிரி. ராஜாசிங் குடும்பம், புதிய வண்டி வாங்கியதற்காக, ஐந்நூறு. ஜோதிபாய் அம்மா, மருமகளுக்குச் சுகப்பிரசவம், முந்நூறு. வயலெட் தன் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கு அடியில் மாவு. எத்தனை தேய்த்தும் போகாத மாவு. விடுதிக்கு மிச்சம் பிடிக்கத் தெருவில் விற்ற மாவு. பேர் சொல்ல விரும்பாத சகோதரி, நூறு. பார், பேர் சொல்லாமலும் போடலாம். பிறகு அவள் பெயர் வந்தது. வயலெட் பொன்சிங், மகள் எப்சிபாவுக்கு... அங்கே நின்றார். நோட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அந்த விண்ணப்பத்தின் நாலு பக்கத்தையும் அவளுக்கு எழுதிக்கொடுத்தவர் அவர்தான். கொட்டை எழுத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினவரும் அவர்தான். கோயில் முழுக்க மின்விசிறிச் சத்தம். முன் வரிசையில் பவுடர் பிடரி அசையவில்லை, போனைத் தள்ளிக்கொண்டிருந்தது. “மகள் எப்சிபாவுக்கு,” என்றார் உபதேசியார் மறுபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வியாதியில் நல்ல சுகம் கிடைத்ததற்காக, ரூபாய் ஐந்நூறு.” அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மைனி தொடையில் ஒரு இடி இடித்தாள். “தப்பிச்சட்டி!” வயலெட்டுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. வியாதி. என் பிள்ளைக்கா? நல்லாயிருக்கிற பிள்ளை, கல்லைத் தின்றாலும் செரிக்கிற பிள்ளை, இந்நேரம் விடுதியில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கொடியில் துணி காயவைத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கோயிலுக்குள்ளே, பீடத்தின் பக்கத்தில் நின்று வியாதி என்று சொல்லிவிட்டார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இந்தக் கிழவரும் இரக்கத்தில் பொய் சொல்வார், நானும் தேவையில் பொய் எழுதுவேன், மைனி பஸ் ஏறிப் போய்ப் பொய்யைத் தாண்டிக்கொள்வாள், எல்லாரும் ஆமென் சொல்வோம். இதற்கு எதற்குக் கோயில், ஒரு சந்தை போதுமே.

பெயரைக் கூப்பிட்டார்கள். முழங்கால்களை உரசிக்கொண்டு வெளியே வந்து, நடுப்பாதையில் நடந்து, செக்கின் ஒரு ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். மறு ஓரத்தைச் செல்வின் அத்தான் பிடித்தார். தெர்மோகோல் விரலில் ‘கறுக்’ என்றது. இவ்வளவு பெரிய பொருளுக்கு எடையே இல்லை. நடுவில் கேமராக்காரர் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். செல்வின் அத்தான் மைக்கை வாங்கிக்கொண்டார். போன வருஷம் எப்சியை இங்கே நிறுத்தி, “நீ யார் தயவுல படிக்க?” என்று கேட்டார், “கர்த்தர் தயவுல” என்றது பிள்ளை. “கர்த்தர் யாரு மூலமாக் குடுக்காரு?” என்று விடாமல் கேட்டு, கோயில் சிரித்து அடங்கினபிறகுதான் விட்டார். இந்த வருஷம் பிள்ளை இல்லை, பரீட்சை. தாய் வாயால் ஒரு சாட்சி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதை அவர் கடைக் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தான், அது அவள் கைப்பைக்குள் இருக்கிறது. “நம்ம வயலெட்டு மகளுக்குச் சீக்காமே,” என்றார் அவர் மைக்கில். “இப்பம் உபதேசியார் வாசிச்சாவ, நான் கவனிச்சுக் கேட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க, அவ்வளவு ரோசம்.” கோயில் ‘ச்சு ச்சு’ என்றது. “என்ன சீக்கும்மா?” மைக்கை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காததும் அவருக்கு வசதியாகப் போயிற்று. “சொல்ல முடியல, பாவம். பொம்பளப் பிள்ள சமாச்சாரம். சரி. எங்க அப்பா பேரால இன்னும் ஒரு பத்தாயிரம் கூடப் போட்டுக்கிடுதேன்.” கை தட்டினார்கள். கோயிலுக்குள் கை தட்டினார்கள். தூணுக்குப் பின்னால் பொன்சிங் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமல் அவரும் தட்டினார். முப்பத்தையாயிரம். சாவி பிழைத்தது, வாளி பிழைத்தது, அடுத்த பருவப் புத்தகமும் பிழைத்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவளுக்குப் புதிதா?

நின்றிருப்பாள். சத்தியமாக நின்றிருப்பாள். தன்மேல் அவளுக்கு அதற்குமேல் மரியாதை கிடையாது. ஆனால் அந்தச் சின்ன ஐயர், கை தட்டல் ஓய்ந்ததும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். “சபையார் எல்லாரும் எழுந்திருங்க. எப்சிபா மகளோட வியாதி பூரணமா நீங்கும்படி ஒருமனப்பட்டு ஜெபிப்போம்.” பெஞ்சுகள் கிறீச்சிட்டன. முந்நூறு பேர் எழுந்தார்கள். முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள். எதிரே பெல்லா மைனியும் எழுந்து கண்ணை மூடினாள். எல்லாம் தெரிந்தவள், அவள் உதடும் அசையத் தயாராக இருந்தது. இத்தனை வாயும் சேர்ந்து இப்போது எப்சியின் பெயரையும் வியாதி என்கிற சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து மேலே அனுப்பப் போகின்றன. குளிர்சாதனப் பெட்டி ‘கிர்ர்’ என்றபோது ஜெபித்தவள் வயலெட். அன்றைக்கு ஜெபத்தைப் போர்வையாக்கினாள். இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து அதே போர்வையைக் கொண்டுவந்து, அதன் அடியில் பெட்டியை வைக்காமல் பிள்ளையை வைக்கிறார்கள். ஆண்டவர் கேட்டுவிட்டால்? எந்த வியாதி, எங்கே வியாதி என்று தேடிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டால்? ஐயர் கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

“ஐயரே, ஜெபிக்காதீங்க,” என்றாள் வயலெட்.

அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை பிறந்து ஊர் கேட்டதில்லை. செல்வின் அத்தான் கையிலிருந்த மைக் இன்னும் அவள் பக்கமாகவே சாய்ந்திருந்ததால் அது நாலு சுவரிலும் போய் மோதித் திரும்பியது. கண்கள் திறந்தன. அவளுக்குக் கத்தத் தெரியாது, கத்தவில்லை. கடையில் கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிறபோது பேசுகிற குரலில் பேசினாள். “உபதேசியார் ஐயா தப்பா வாசிச்சிட்டாவ. எம் பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் கெடையாது. நல்லாயிருக்கா. பேங்க்ல கடன் கெடச்சிருக்கு. அதுக்குத்தான் ஸ்தோத்திரம்.” உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்லுத?” என்றார் செல்வின் அத்தான். “கடன் அத்தான். மூணு லட்சத்து எண்பதாயிரம். உங்க விண்ணப்பப் பாரத்துல கடன் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டோம், அது பொய்.” அவர் முகத்தில் கோபம் வருமென்று அவள் பார்த்தாள், வரவில்லை, அதற்கு முன்னே கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் தேடியது. இந்த முகத்துக்கா இரண்டு வருஷம் உப்பில்லாத மோர் குடித்தோம். கேமராக்காரர் வெளியூர், அவருக்கு ஒரு ஜோலி, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா, உங்க பக்கம் செக்கு இறங்குது,” என்றார் ஒரு கண்ணை மூடிக்கொண்டே. “கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, ஒரே ஒரு படம்.” புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வயலெட் கையை எடுத்துக்கொண்டாள். செக் அவள் பக்கமாகச் சரிந்து தரையைத் தொட்டது. மடித்துப் பைக்குள் வைக்கவும் வழியில்லாமல், கீழே போடவும் மனமில்லாமல், செல்வின் அத்தான் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக நின்றார். வெளிச்சம் பளிச்சென்று ஒருமுறை அடித்தது.